அப்பாருவின் ராஜாவும் பையனின் மந்திரவாதியும்

போன சனிக்கிழமை சாயங்காலம் பையன் பேஸ்மென்ட்டிலிருந்து மேலே வந்தான். கையில் தாயக்கட்டை பை. (தாயக்கட்டை என்று நான்தான் சொல்கிறேன். அதில் இருபது முகம் உள்ளதெல்லாம் உண்டு.) முகம் சரியில்லை. நண்பர்கள் மூவரும் கிளம்பிப் போய்விட்டிருந்தார்கள்.

"அப்பா, நாமளே ரூல் எழுதி ஆடினா அது சீட்டிங்கா?"

பாங்கில் வேலை பார்ப்பவனிடம் கேட்கக்கூடாத கேள்வி :-) "ஆமாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு திண்ணை ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். அந்தத் திண்ணையைப் பற்றியும், ஒரு வாரமாக நான் படித்ததைப் பற்றியும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

*

முதலில் பையன் ஆடும் ஆட்டம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். இங்கே டொரோன்டோ பக்கம் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பலகை கட்டாயமில்லை, காய் கட்டாயமில்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவார்கள். கதவை உடைக்க முடிந்ததா, பூதத்தை அடிக்க முடிந்ததா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு 'கிளாஸ்' உண்டு. சண்டைவீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் இப்படி. வீரனுக்கு மந்திரம் வராது. மந்திரவாதிக்குக் கவசம் ஆகாது. அவனவன் தொழில் அவனவனுக்கு.

பையன் குழுவில் கதைசொல்லி போக இரண்டே பேர்தான். காயம்பட்டால் ஆற்ற ஆள் கிடையாது. அதனால் இவனே உட்கார்ந்து ஒரு விதி எழுதியிருக்கிறான். இந்த மாதிரி வீட்டு விதிக்கு 'ஹோம்ப்ரூ' என்று பெயராம். வீட்டில் காய்ச்சியது என்று அர்த்தம். (கேட்டதும் எனக்கு வேறு ஞாபகம் வந்தது, விடுங்கள்.) விதி இதுதான்: ஒரு பாத்திரம் இரண்டு கிளாஸை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டாவது கிளாஸின் வித்தையை ஒரு சண்டையில் ஒரே ஒரு தடவைதான் காட்டலாம். அதுவும் முதல் அடி வாங்குவதற்கு முன்னால். அடி பட்டுவிட்டால் அந்த வாய்ப்பு போயிற்று.

புதிதாக வந்த ஒரு பையன், "இது புத்தகத்தில் இல்லை, சீட்டிங்" என்று சொல்லியிருக்கிறான். ஆட்டம் அதோடு கலைந்தது.

விதியைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே தடவை, அடி விழுவதற்கு முன்னால். இதை நான் ஏற்கனவே கேட்டிருக்கிறேன். இவன் பிறப்பதற்கு வெகுநாள் முன்னால், கொழிஞ்சாம்பாறையில், அப்பாரு வாயால்.

*

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். அப்பாரு (அப்பாவின் அப்பா) பிறந்தபோது சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானம். பக்கத்துப் பாலக்காடு வெள்ளைக்காரனின் மலபார் ஜில்லா. இந்தப் பக்கம் பொள்ளாச்சி, கோயமுத்தூர் ஜில்லா. 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1956 நவம்பர் 1 அன்று கேரளா பிறந்தது. அப்பாரு வீட்டை விட்டு நகரவே இல்லை, சர்க்கார்தான் மாறிக்கொண்டே இருந்தது. சந்தைக்குப் பொள்ளாச்சி, கச்சேரிக்குச் சித்தூர். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம்.

சாயங்காலமானால் திண்ணையில் சதுரங்கம். பலகை என்று ஒன்றும் இல்லை, கட்டம் தைத்த துணிதான். அப்பாருவின் ஆட்டத்தில் சில விசேஷங்கள் உண்டு. சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். கோட்டை கட்டுவது கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். ஆனால் அதற்கு முன் ஒரு தடவைகூட செக் வாங்கியிருக்கக்கூடாது. செக் வாங்கிவிட்டால் தாவும் உரிமை போய்விடும். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனால் நினைத்ததெல்லாம் ஆக முடியாது. குதிரை நிற்கும் வரிசையில் போய்ச் சேர்ந்தால் குதிரை, யானை வரிசையில் சேர்ந்தால் யானை.

லீவுக்கு மறையூரில் அத்தை வீட்டுக்குப் போவோம். உடுமலைப்பேட்டை போய், சின்னாறு செக்போஸ்ட் தாண்டி, இடுக்கி மாவட்டத்துக்குள் ஏறும் பஸ். சர்க்கரை காய்ச்சும் வாசனை வந்தால் மறையூர் வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே மாமாவும் சதுரங்கப் பிரியர். ஆனால் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். முதல் நாள் "ஆனையை நகர்த்துடா" என்றார். நான் மூலையில் நிற்பதை நகர்த்தினேன். சிரித்தார். எங்கள் திண்ணையில் மூலைக்காய் யானை, பிஷப் தேர். மாமாவுக்கு மூலைக்காய் தேர், பிஷப்தான் ஆனை. ஒரே துணி, ஒரே மரக்காய். மலை ஏறினால் யானை தேராகிவிடும்.

யார் சொன்னது சரி என்று அன்றைக்குத் தெரியவில்லை. இப்போது படித்துப் பார்த்தால் பெர்சியாக்காரர்கள் மாமா பக்கம். சதுரங்கம் என்றாலே நான்கு அங்கம்: யானை, குதிரை, தேர், காலாள். இந்தியாவிலிருந்து பெர்சியா போன ஆட்டத்தில் மூலையில் நின்றது 'ருக்', அதாவது தேர். இன்றைய பிஷப் இடத்தில் நின்றது 'பீல்', அதாவது யானை. அரபியில் அது 'அல்-ஃபீல்'. ஸ்பெயினில் இன்றும் பிஷப்புக்கு 'அல்ஃபில்' என்றுதான் பெயர். மலையாளம் அந்த வரிசையை அப்படியே வைத்திருக்கிறது. இந்திக்காரர்கள் யானையை மூலைக்கு அனுப்பிவிட்டு பிஷப் இடத்தில் ஒட்டகத்தை நிறுத்தினார்கள்.

*

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காய்க்கு ஒரு தொழில் என்பதுதான் சதுரங்கத்தின் அஸ்திவாரம். பையனுடைய ஆட்டத்தில் கிளாஸ் என்பதும் அதேதான். அப்படியானால் ஒரு காய் இரண்டு தொழில் செய்யலாமா? ஆயிரம் வருஷத்துக்கு மேலாக மனிதர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

பழைய ஆட்டத்தில் மந்திரி பாவப்பட்ட காய். மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம், அவ்வளவுதான். யானை மூலைவாட்டில் இரண்டாவது கட்டத்துக்குத் தாவும். 1475 வாக்கில் ஸ்பெயினில் யாரோ இதை மாற்றினார்கள். பிஷப்பைப் பலகை முழுக்க ஓட விட்டார்கள். மந்திரி இருந்த இடத்தில் ராணி வந்தாள். மூலைக்காயின் ஓட்டத்தையும் பிஷப்பின் ஓட்டத்தையும் சேர்த்து அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். புது விதிப்படி நடந்த ஒரு ஆட்டத்தைச் சொல்லும் கவிதை அந்தக் காலத்திலேயே வலென்சியா நகரில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு கிளாஸ் சேர்ந்த காய்களில் உலகிலேயே பெரிய வெற்றி ராணிதான். அதுவும் ஒரு காலத்தில் யாரோ சிலர் வீட்டில் காய்ச்சிய விதிதான்!

ராணியோடு நிற்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவில் சிலர் ராணிக்குக் குதிரைத் தாவலையும் சேர்த்து ஆடியிருக்கிறார்கள். 1617-ல் இத்தாலியில் பியெத்ரோ கரேரா என்பவர் குதிரையும் பிஷப்பும் சேர்ந்த ஒரு காய், குதிரையும் மூலைக்காயும் சேர்ந்த ஒரு காய் என்று இரண்டு புதிதாகச் செய்து புத்தகம் போட்டார். 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்த கபாப்ளாங்காவே 1920-களில் கிட்டத்தட்ட அதே காய்களை முன்மொழிந்தார். இருவருக்கும் எட்டுக்கு எட்டு போதவில்லை. பலகையை அகலமாக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வீடு இருக்கும் பலகையைத் தூக்கிப்போடச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஓடவில்லை.

2007-ல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் யாசர் செய்ரவானும் புரூஸ் ஹார்ப்பரும் அதே இரண்டு காய்களைச் சாதாரணப் பலகையிலேயே கொண்டுவந்தார்கள். காய் வெளியே காத்திருக்கும். பின்வரிசைக் காய் ஒன்று முதன்முதலாக நகரும்போது, அது காலி செய்த கட்டத்தில் வந்து உட்காரலாம். எல்லாக் காயும் நகர்ந்த பிறகு நினைத்துக்கொண்டால் வாய்ப்பு போயிற்று. மறுபடி பாருங்கள், இதற்கும் ஒரு கெடு.

*

ராஜா விஷயத்தில் ஐரோப்பாவும் இந்தியாவும் வேறு வேறு வழியில் போயின.

ராஜாவுக்கு ஒரே தொழில்தான், ஒரு கட்டம் நகர்வது. ராணியும் பிஷப்பும் வேகமான பிறகு நடுவில் நிற்கும் ராஜா பிழைப்பது கஷ்டம். ஐரோப்பாவில் ராஜாவுக்கு முதல் நகர்த்தலில் மட்டும் தாவும் சலுகை இடைக்காலத்திலேயே இருந்தது. அது பல ஊர்களில் பல வடிவம் எடுத்து, கடைசியில் ராஜாவும் மூலைக்காயும் ஒரே நகர்த்தலில் இடம் மாறும் 'கேஸ்லிங்' ஆயிற்று. நாம் சொல்லும் கோட்டை கட்டுதல். இத்தாலிக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டு வரை இதைத் தங்கள் இஷ்டப்படி வேறு மாதிரிதான் ஆடினார்கள்.

இந்தியாவில் அந்தச் சலுகை குதிரைத் தாவலாக வந்தது. அப்பாருவின் விதி அவர் கண்டுபிடித்ததே அல்ல! 1913-ல் ஹெச். ஜே. ஆர். முர்ரே என்ற ஆங்கிலேயர் சதுரங்க வரலாற்றை ஒரு தடிமனான புத்தகமாக எழுதினார். இந்திய ஆட்டங்களைப் பற்றிய பகுதியில் இதே விதிகள் வருகின்றன: செக் வாங்காத ராஜாவுக்கு ஒரு தடவை குதிரைத் தாவல், சிப்பாய்க்கு ஒற்றைக் கட்டம், சேர்ந்த வரிசையின் காயாக மாறும் சிப்பாய். சில இடங்களில் சிப்பாய் குதிரையாக வேண்டுமானால் நம் குதிரை ஒன்று ஏற்கனவே வெட்டுப்பட்டிருக்க வேண்டும். காலியிடம் இருந்தால்தான் பதவி உயர்வு. (பாங்கிலும் அப்படித்தான்.)

இந்த விதிகளில் வளர்ந்த ஒருவர் உலகத்தையே கலக்கினார். பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். இந்திய முறைச் சதுரங்கத்தில் ஊறியவர். சர் உமர் ஹயாத் கான் என்ற நிலப்பிரபு 1929-ல் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். போன வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன். 1932-லும் 1933-லும் மறுபடி. 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபாப்ளாங்காவையே தோற்கடித்தார். ஆனால் ஆட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் தடுமாறுவார். சிப்பாய் இரண்டு கட்டம் பாயும் தொடக்கங்களும் கோட்டை கட்டும் கணக்கும் அவர் வளர்ந்த ஆட்டத்தில் இல்லை. பல ஆட்டங்களில் பின்தங்கி ஆரம்பித்து, நடுவில் எழுந்து, கடைசியில் ஜெயித்தார். 1933-ல் ஊர் திரும்பினார். 1966-ல் காலமானார். உலகச் சதுரங்க சம்மேளனமான ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024-ல்.

ஃபிடே 1924-ல் பாரிஸில் தொடங்கியது. அகில இந்திய சதுரங்க சம்மேளனம் 1951-ல். முதல் தேசிய சாம்பியன்ஷிப் 1955-ல் ஏலூரில். ஆனாலும் 1960-கள் வரை நம் ஊர்களில் உள்ளூர் விதிகள்தான் பரவலாக ஓடின. அதை மாற்றியதில் பெரிய பங்கு நம்ம மானுவேல் ஆரோனுக்கு. 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1972-ல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப் வந்தது. அங்கே ஆடி வளர்ந்த ஆனந்த் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024-ல் குகேஷ் உலக சாம்பியன். ஒரே விதி என்று ஆனதால்தான் இதெல்லாம் சாத்தியம், மறுக்கவில்லை. சென்னைப் பையனும் நார்வேக்காரரும் ஒரே பலகையில் உட்கார வேண்டுமானால் பொது விதி வேண்டும்.

அந்தப் பொது விதி எங்கள் திண்ணைக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. பள்ளிக்கூடத்தில் செஸ் சொல்லிக்கொடுத்தார்கள், ஒரு சின்னப் புத்தகமும் கிடைத்தது. அன்று சாயங்காலம் என் சினேகிதர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அப்பாருவின் ராஜா குதிரையாய்த் தாவியது.

"அப்பாரு, அது கள்ளக்களி" என்றேன்.

எங்கள் எல்லையில் பையன்களுக்கு ஏமாற்று ஆட்டம் என்றால் மலையாளத்தில்தான் வரும். சினேகிதர்கள் சிரித்தார்கள். அப்பாரு ராஜாவை எடுத்துப் பழைய கட்டத்தில் வைத்தார். "சரி கண்ணு, உன்ற புஸ்தகப்படியே ஆடலாம்" என்றார்.

அதற்கப்புறம் அப்படித்தான் ஆடினோம். அவருக்குக் கோட்டை கட்ட ஞாபகம் வராது. ராஜா நடுவிலேயே நிற்கும். பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். நான் நன்றாக ஆடுவதாக நினைத்துக்கொண்டேன். கொஞ்ச மாதத்தில் "ஒரு ஆட்டம் போடலாமா கண்ணு?" என்று அவர் கேட்பது நின்றுபோனது. அது நின்றதையும் நான் அப்போது கவனிக்கவில்லை. 1999-ல் போய்ச் சேர்ந்தார்.

*

இனி பையனின் ஆட்டத்துடைய வரலாறு. இது எனக்குப் புதுசு. படிக்கப் படிக்க ஆச்சரியம்.

1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்டது. கைகாக்ஸ் முன்னால் இன்சூரன்ஸ் அண்டர்ரைட்டராக இருந்தவர். (நம்ம ஜாதி!) ஒரு பெட்டியில் மூன்று சின்னப் புத்தகம். கிளாஸும் மூன்றே மூன்று: வீரன், மந்திரவாதி, பூசாரி. அந்தப் பூசாரியே வீட்டு விதியில் பிறந்தவன். ஆர்னசன் தன் நண்பர்களோடு ஆடிய ஆட்டத்தில் ஒருவருடைய ரத்தக்காட்டேரிப் பாத்திரம் கட்டுக்கடங்காமல் வளர்ந்துவிட்டது. அதை அடக்க ஒரு ஆள் வேண்டுமென்று பாதி வீரன், பாதி மந்திரக்காரனாக ஒருவனைச் செய்தார்கள். அவன்தான் பூசாரி.

அந்த 1974 புத்தகத்திலேயே இரட்டைத் தொழில் வந்துவிட்டது. 'எல்ஃப்' என்ற வனதேவதை இனத்தார் வீரனாகவும் இருக்கலாம், மந்திரவாதியாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சாகசத்துக்கும் கிளம்புமுன் இன்றைக்கு எது என்று சொல்லிவிட வேண்டும். விதிகளில் பல இடங்கள் தெளிவாக இல்லை. அதனால் ஊருக்கு ஊர், குழுவுக்குக் குழு, தாங்களே ஓட்டை அடைத்துக்கொண்டார்கள். போட்டிகள் பெருகியதும் கைகாக்ஸ் எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும் என்று 1977 முதல் 1979 வரை 'அட்வான்ஸ்டு' என்ற பெயரில் தடித் தடியாக மூன்று புத்தகம் போட்டார். சதுரங்கத்துக்கு நடந்த கதை இதற்கும் நடந்தது.

1978 புத்தகத்தின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது வட்டிக் கணக்கு. மனிதரல்லாத இனத்தார் ஒரே சமயத்தில் இரண்டு கிளாஸ் வைத்துக்கொள்ளலாம். சம்பாதிக்கும் அனுபவப் புள்ளிகள் இரண்டுக்கும் சமமாகப் பிரிந்துவிடும். ஒரே சம்பளத்தில் இரண்டு ஆர்.டி. கட்டுவது மாதிரி. பாதிப் பாதி என்றால் பாதி ஆள்தானே ஆவான் என்று தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை! முதல் புத்தகத்தின் வீரன் அட்டவணையைப் பாருங்கள். இரண்டாம் நிலைக்கு 2,000 புள்ளி. மூன்றாவதுக்கு 4,000. நான்காவதுக்கு 8,000. ஐந்தாவதுக்கு 16,000. ஒவ்வொரு படியும் இரட்டிப்பு. 16,000 புள்ளி எடுத்த முழுநேர வீரன் ஐந்தாம் நிலை. அதே 16,000-ஐப் பாதியாய்ப் பிரித்தவன் 8,000 புள்ளியில் நான்காம் நிலை வீரன், கூடவே மந்திரவாதியும். ஒரே ஒரு படிதான் பின்னால்.

ஆனால் இந்த இனத்தார் பல கிளாஸில் குறிப்பிட்ட நிலைக்கு மேல் போக முடியாது என்று உச்சவரம்பும் இருந்தது. மனிதர்களுக்கோ வேறு விதி. ஒரு தொழிலை நிறுத்திவிட்டு இன்னொன்றை முதல் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புதியதில் பழையதைத் தாண்டும்வரை பழைய வித்தையைத் தொட்டால் அந்தச் சாகசத்தின் அனுபவப் புள்ளி கிடையாது. இதைப் படித்தபோது ஊரில் ஆபிஸராக இருந்துவிட்டு இங்கே வந்து கவுன்ட்டரில் முதல் படியிலிருந்து ஆரம்பித்த என் முதல் மூன்று வருஷம் ஞாபகம் வந்தது. படித்த உங்களில் பாதிப் பேருக்கும் வந்திருக்கும்.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு இந்த வேலிகளை எடுத்தது. யாரும், ஒவ்வொரு படி ஏறும்போதும், எந்தக் கிளாஸை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று படி வீரன், இரண்டு படி மந்திரவாதி என்றால் மொத்தம் ஐந்து படிதான். மந்திரம் இரண்டு படி அளவுக்கே வரும். 2004-ல் ஒரு இணைப்புப் புத்தகம் இன்னொரு வழி சொன்னது. ஒவ்வொரு படியிலும் இரண்டு கிளாஸையும் சேர்த்தே எடு, இரண்டில் எது சிறந்ததோ அது உனக்கு. ஆள் குறைவான குழுக்களுக்கு ஏற்றது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். என் பையன் பிரச்சினையும் அதேதானே! 2014 பதிப்பில் கிளாஸ் சேர்ப்பதே விருப்ப விதி. கதைசொல்லி சம்மதித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதாவது புத்தகமே "உங்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்" என்கிறது.

இத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இரண்டு தொழிலை ஒருவனுக்குக் கொடுக்கலாமா என்பதில் பெரிய சண்டை இல்லை. அதற்கு என்ன விலை என்பதில்தான் எல்லா விதியும். ஒரு தடவை மட்டும், செக் விழும் முன் மட்டும், புள்ளியில் பாதி, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இப்படி ஏதோ ஒரு விலை. விலையை ஆட்டம் தொடங்குமுன் சொல்லி, எதிராளிக்கும் அதே உரிமையைக் கொடுத்துவிட்டால் அது ஏமாற்று அல்ல. நடுவில் சொன்னால்தான் கள்ளக்களி.

அப்பாரு நடுவில் சொல்லவில்லை. என் ராஜாவுக்கும் அதே தாவல் உண்டு என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். நடுவில் விதியை மாற்றியது நான்தான்.

*

பையனிடம் இரண்டு கேள்வி கேட்டேன். "புதுப் பையன் வருமுன்னே இந்த விதி இருந்ததா?" இருந்தது. "உட்காரும்போது அவனிடம் சொன்னாயா?" யோசித்தான். "இல்லப்பா. அவனுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அங்கேதான் தப்பு. விதியில் இல்லை. விதியை ஒரு தாளில் எழுதி அடுத்த சனிக்கிழமை முதலில் அவனிடம் கொடுக்கச் சொன்னேன். அவனுக்குப் பிடிக்காத வரியை மாற்ற உரிமை உண்டு என்றும் சொல்லச் சொன்னேன். நேற்று அந்தச் சனிக்கிழமை. அந்தப் பையன் ஒரு வரியைச் சேர்த்தானாம்: இரண்டாவது கிளாஸ் எது என்பதைச் சண்டைக்கு முன்பே உரக்கச் சொல்லிவிட வேண்டும். 1974 விதி மாதிரியே இருக்கிறது என்றேன். இருவருக்கும் அது தெரியாது.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பையனை உட்காரவைத்துச் சதுரங்கம் ஆடினேன். ராஜா ஒரு தடவை குதிரை, செக் விழும் முன் மட்டும், சிப்பாய்க்கு ஒரு கட்டம். முதலிலேயே சொல்லிவிட்டேன். "இது யார் ஹோம்ப்ரூ?" என்றான். "உன் கொள்ளுத்தாத்தாவோடது, அவருக்கும் முன்னாடி இருந்தது" என்றேன். பதினைந்தாவது நிமிஷம் அவனுடைய ராஜா என் பிஷப்பைத் தாண்டித் தாவியது. நான் எதிர்பார்க்கவில்லை. தோற்றேன்.

இங்கே நம்மில் பலருக்கு ஒரு கவலை உண்டு. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அனுப்பினால் மற்ற படிப்பு பாதியாகிவிடுமோ, இரண்டிலும் அரைகுறை ஆகிவிடுவானோ என்று. எனக்கும் இருந்தது. வாழ்க்கை அந்த அட்டவணைப்படி நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. இருந்தாலும் அந்த 8,000-மும் 16,000-மும் மனசில் நிற்கிறது.

உங்கள் வீட்டுத் திண்ணையில் என்ன விதி இருந்தது? ராஜா தாவினாரா? மூலையில் நின்றது யானையா, தேரா? அப்பாரு, அப்புச்சி, தாத்தா யாராவது இருந்தால் இந்த வாரம் போன் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.